பொட்டு போட்ட நாலு குட்டி

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை. எங்கள் கிளியனூரில் கரண்ட் போய், வாசல்படி வரை தண்ணீர் ஏறி நின்றது. அந்த ராத்திரிதான் எங்கள் பூனை பொட்டு, தையல் மிஷினுக்கு அடியில் நான் வெட்டுத்துணி போட்டுவைக்கும் அட்டைப்பெட்டிக்குள் குட்டி போட்டது.

டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குட்டியும் ஒரு சவ்வுப்பைக்குள் வந்தது. பொட்டு அதை நக்கிக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, நஞ்சையும் தின்றுவிட்டது. நாம் கைவைக்க அங்கே வேலையே இல்லை. பூனை அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் மட்டும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இந்தப் பொறுமை எனக்கு முன்பு இருந்ததில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், தெருவில் கிடந்த ஒரு குட்டியைத் தூக்கிவந்து, கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்து, இங்க் ஃபில்லரால் பசும்பால் ஊற்றினேன். பால் மூக்கு வழியாக நுரைத்து வந்தது. மறுநாள் காலையில் குட்டி இல்லை. பால் நுரையீரலுக்குள் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. பூனைக்குட்டி குப்புறக் கிடந்துதான் குடிக்கும். பசும்பாலும் அதற்கு ஆகாது. பூனைப்பாலில் இருக்கும் புரதத்தில் பாதிகூட அதில் இல்லை, வயிற்றுப்போக்கும் பிடுங்கும். தாய் இல்லாத குட்டிக்கென்றே கால்நடை மருந்துக் கடையில் பால் பவுடர் இருக்கிறது.

விடிந்ததும் நாலையும் எங்கள் மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். 104, 98, 95 கிராம். நாலாவது, கறுப்புக் குட்டி, 71. பிறந்த குட்டி 100 கிராமை ஒட்டி இருக்க வேண்டும், தினமும் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும்.

"தொடாதம்மா, மனுஷ வாடை பட்டா தாய் சேத்துக்காது" என்றார் மாமியார்.

"இல்லத்தே, நம்ம கையிலயே வளந்ததுதானே" என்றேன். பொட்டு நாலையும் மோந்து பார்த்து நக்கிச் சேர்த்துக்கொண்டது.

கறுப்பு மட்டும் ஒதுங்கிக் கிடந்தது. அதன் வாய்க்குள் விரல் வைத்தேன், சில்லென்றிருந்தது. முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக்கூடத் தெரியாது. சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது, முதலில் சூடு ஏற்ற வேண்டும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய லுங்கியைச் சுற்றி, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபாதி வேண்டும். அரை மணி நேரம் கழித்து அது தலையை ஆட்டித் தேட ஆரம்பித்தது. பெரிய குட்டி மூன்றையும் எடுத்துவிட்டு அதைத் தனியாகக் காம்பில் விட்டேன். முன்னங்காலால் மடியைப் பிசைந்து பிசைந்து அது குடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முதல் நாள் சீம்பாலைத் தவறவிட்டிருந்தால் அதிலுள்ள நோய் எதிர்ப்பைக் குட்டியின் குடல் பிறகு உறிஞ்சாது. மூன்றாம் நாள் 83 கிராம்.

குட்டிக்குச் செய்ய வேண்டிய பெரிய உதவி, தாய்க்குச் சோறு போடுவதுதான். பாலூட்டும் பூனை வழக்கத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும். ரசஞ்சோறு அதற்குப் பற்றாது, அது கறி தின்னும் பிராணி. எங்கள் பக்கம் மரக்காணம் கருவாட்டைத்தான் பூனைக்குப் போடுவார்கள். எத்தனை தண்ணீரில் அலசினாலும் அதில் உப்பு முழுசாகப் போகாது. நான் உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேர்க்காமல் நெத்திலியும் முட்டையும் வேகவைத்து, நாலு வேளையாகப் போட்டேன். பக்கத்திலேயே ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர். தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும். தாய்ப்பூனை திடீரென்று நடுங்கினாலோ, விறைத்துத் தள்ளாடினாலோ சுண்ணாம்புச்சத்து இறங்கியிருக்கலாம். அன்றைக்கே ஊசி போட வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் ஊரே பினாயில் ஊற்றித் தரையைக் கழுவியது. பூனை இருக்கும் அறையில் அதைச் செய்யாதீர்கள். ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே போதும், அந்த விஷத்தை முறிக்கும் வழி பூனையின் ஈரலுக்கு இல்லை. பாரசிட்டமாலும் அப்படித்தான், ஒரு மாத்திரை கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் எமன்.

நாலாம் நாள் பொட்டு நாலையும் கவ்விக்கொண்டுபோய் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தது. குட்டி போட்ட பூனை மாதிரி என்று சொல்கிறோமே, அது அலைவது பயத்தினால்தான். பால்வாடைக்கு நாய் வரும், கடுவன் பூனை வந்து குட்டியைக் கடித்துக் கொல்லும். ஆள் கூடிக்கூடிப் பார்த்தாலும் இடம் மாற்றும். நான் பெட்டியை அங்கேயே கொண்டுபோய் வைத்து, பிள்ளைகளை எட்டி நிற்கச் சொன்னேன். பிறகு அது மாற்றவில்லை.

ஒன்பதாம் நாள் முதல் கண் திறந்தது. மூன்று வாரம் வரை தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரமே போகும். நாலாம் வாரம் மீனைப் பிசைந்து வைக்கலாம். பூச்சி மருந்தும் தடுப்பூசியும் எப்போது என்பதை டாக்டர் சொல்வார். எங்களுக்குப் புதுச்சேரி குரும்பாப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகிவிடும் என்பதால், குட்டிகள் பால் மறந்ததும் பொட்டுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தோம்.

கண் திறக்காத குட்டிகளைக் கோணியில் கட்டி மீன் மார்க்கெட்டிலோ உப்பளக் கரையிலோ விட்டுவிட்டு வருகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன்: எட்டு வாரம் தாயோடு விடுங்கள். அதற்கப்புறம் கேட்டு வாங்கிப்போக ஆள் வரும். எங்கள் நாலில் மூன்றுக்கு வந்தது. கறுப்பு எங்களோடு இருக்கிறது, இப்போது மூன்று கிலோ.