ஆலய வாசலில் தடுக்கப்பட்ட பேரரசன்

கி.பி. 906-ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்புப் பண்டிகை நாள். கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் பேரரசன் ஆறாம் லியோ, தன் பரிவாரம் சூழ, 'பரிசுத்த ஞானம்' என்னும் பேராலயத்திற்கு வந்தான். பேரரசருக்குரிய வாசல் வழியாய் அவன் உள்ளே பிரவேசிக்கலாகாது என்று தலைமைப் பேராயர் நிக்கோலாஸ் தடுத்துவிட்டார். 907 ஜனவரியில் வந்த அடுத்த பண்டிகையிலும் அவ்வாறே நடந்தது. பேரரசன் தன் சேவகரை ஏவவில்லை, விலகிப்போனான்.

அன்பான வாசகரே, தடுக்கப்பட்டவன் யார் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். மேற்கே ரோமாபுரியின் ஆட்சி வீழ்ந்த பின்னும், கிழக்கே பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்ற பேரரசு அது. 330-இல் அர்ப்பணம் செய்யப்பட்ட தலைநகர், 1453-இல் துருக்கியரிடம் வீழ்ந்தது. பிற்காலத்தவர் இதனைப் பைசாந்தியப் பேரரசு என்றனர். அதன் மக்களோ கிரேக்க மொழியைப் பேசியும், தங்களை ரோமர் என்றே அழைத்துக்கொண்டனர். சட்டம் இயற்றுவதும், படை நடத்துவதும், சபைச் சங்கங்களைக் கூட்டுவதும் பேரரசனே. தலைமைப் பேராயரை நியமிப்பதும் அவன் விருப்பப்படியே நடந்தது. அரண்மனையில் அவனுக்கு முன்பாக மக்கள் முகங்குப்புற விழுந்து வணங்கினர்.

அப்படிப்பட்டவனைத் தடுத்தது எது? அவனுடைய விவாகம்!

லியோவின் முதல் மனைவியும் இரண்டாம் மனைவியும் மரித்துப்போயினர். 900-இல் மணந்த மூன்றாம் மனைவி, அடுத்த ஆண்டே பிரசவத்தில் மாண்டாள். சிங்காசனத்திற்கு வாரிசாக ஓர் ஆண்மகன் உயிரோடு இல்லை. பின்னர் ஸோயி என்பவளைச் சேர்த்துக்கொண்டான். 905-இல் அவளிடத்தில் கான்ஸ்டண்டைன் பிறந்தான். தாயை விட்டு விலகவேண்டும் என்னும் நிபந்தனையின்பேரில், 906 ஜனவரியில் நிக்கோலாஸ் அக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லியோவோ வாக்கை மீறி, சில மாதங்களுக்குள் அவளையே நான்காம் மனைவியாக மணந்துகொண்டான்.

இதில் ஒரு வேதனையான முரண்பாடு உண்டு. சபையின் ஆசீர்வாதமின்றி நடக்கும் விவாகம் செல்லாது என்று சட்டம் செய்தவன் இந்த லியோவே. மூன்றாம் விவாகத்தையே கண்டித்துச் சட்டம் எழுதியவனும் அவனே. 'ஞானி' என்று பெயர் பெற்று, பண்டிகை நாட்களில் தானே பிரசங்கமும் செய்தவன். பிறருக்கு வகுத்த நெறி, தன் வீட்டின் துக்கத்தில் அவனுக்கே பாரமாயிற்று.

பேரரசன் தோற்றானா? இல்லை. 907 பிப்ரவரியில் நிக்கோலாஸ் பதவியிழந்து நாடு கடத்தப்பட்டார். யூத்திமியுஸ் என்னும் துறவி அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். ஆனால் அவரும் அந்த விவாகத்தை நடத்திவைத்த குருவைப் பதவிநீக்கம் செய்தார். ஸோயியை ஆலயத்தில் பேரரசியாக அறிவிக்க மறுத்தார். ஆளை மாற்ற முடிந்தது. நெறியை முற்றிலும் மாற்ற முடியவில்லை.

912-இல் லியோ மரித்தான். நிக்கோலாஸ் மீண்டும் பதவிக்கு வந்தார். சபை இரு கட்சிகளாய்ப் பிளவுபட்டுக் கிடந்தது. 920-இல் கூடிய சங்கம் ஒப்புரவுக்கு வழிசெய்து, நான்காம் விவாகத்தை முற்றிலும் விலக்கியது. எனினும் லியோவின் மகன் தள்ளுண்டு போகவில்லை. தகப்பனின் செயல் கண்டிக்கப்பட்டது. பிள்ளையோ சிங்காசனத்திற்குரியவனாகவே இருந்தான். அவனே ஏழாம் கான்ஸ்டண்டைன். அரண்மனைச் சடங்குகளையும் அரசாட்சி முறையையும் விவரிக்கும் நூல்கள் அவன் பெயரால் இன்றும் வழங்குகின்றன.

அந்த ஆலயம் இஸ்தான்புல் நகரில் இன்றும் நிற்கிறது. 2020 முதல் மறுபடியும் மசூதியாக உள்ளது. பேரரசருக்குரிய அந்த வாசலின் மேல், வண்ணச் சில்லுகளால் பதித்த பழைய சித்திரம் ஒன்று உண்டு. கிறிஸ்து சிங்காசனத்தில் வீற்றிருக்க, முடிசூடிய ஒருவன் அவர் பாதத்தருகே விழுந்து கிடக்கிறான். அவன் லியோவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

வாசகரே, பிள்ளைகளுக்கும் பிறருக்கும் நாம் விதிக்கும் நெறிகள் எத்தனையோ. அவை நம் சொந்த வாசலில் வந்து நிற்கும் நாளில், நாம் என்ன செய்வோம்?