சுடுகுழலுக்கு ஒரு தோலுறை

அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை இறக்கும்போது, கைக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு துணியை வைத்துக்கொள்கிறோம். அத்துணி பாத்திரத்தின் சூட்டைத் தணிப்பதில்லை. சூடு கையை வந்து சேரும் வேகத்தை மட்டுமே குறைக்கிறது. பாத்திரத்தைக் கீழே வைக்கும் வரையில் கை பொறுத்துக்கொண்டால் போதும். இதே வேலையைச் செய்வதற்கென்று அமெரிக்க நாட்டுத் துப்பாக்கிப் போட்டி ஒன்றில் வழங்கிவரும் தோலுறையைப் பற்றி இங்கே கூற விரும்புகிறோம். பொருள் மிகச் சிறியதுதான். எனினும், ஒருவருடைய உள்ளங்கை சுடாமலிருப்பதில் பலருடைய பாதுகாப்பும் அடங்கியிருக்கக்கூடும் என்பதை அது நமக்குக் காட்டுகிறது.

குதிரையேறி மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற 'கௌபாய்'களைத் திரைப்படங்களின் வாயிலாக நேயர்கள் அறிந்திருப்பார்கள். தமிழில் 1972-இல் ஜெய்சங்கர் நடித்து வெளிவந்த 'கங்கா' அவ்வகையைச் சேர்ந்தது. பெங்களூருக்கு அருகேயுள்ள ராமநகரத்துப் பாறைகளிடையே எடுக்கப்பெற்று, 1975-இல் வெளியான 'ஷோலே' என்னும் இந்திப் படத்திலும் அச்சாயல் உண்டு. இப்படங்களுக்கெல்லாம் மூலமாய் விளங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க மேற்குப் பகுதியை நினைவுகூரும் வகையில், 1980-களின் தொடக்கத்தில் தென் கலிபோர்னியாவில் சிலர் கூடி ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். 1987-இல் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி' என்ற சங்கம் அமைந்தது. அதன்பின் இவ்விளையாட்டு ஒழுங்கான விதிகளோடு பல நாடுகளுக்கும் பரவிற்று.

இதில் கலந்துகொள்வோர் பழங்காலத்து உடையணிந்து, ஆளுக்கொரு புனைபெயர் சூட்டிக்கொண்டு வருகிறார்கள். கைத்துப்பாக்கி, நெம்புகோலால் இயங்கும் ரைபிள், ரவைத் துப்பாக்கி ஆகிய மூவகைகளையும் அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையாள வேண்டும். இலக்குகள் எஃகுத் தகடுகள். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவரே முந்துவார். தவறவிட்ட ஒவ்வோர் இலக்குக்கும் 5 விநாடிகள் கூட்டப்படும். ஆகவே இங்கே விரைவும் வேண்டும், குறியும் தவறக்கூடாது.

நமது தோலுறைக்கு வேலை கொடுப்பது மூன்றாவதாகிய ரவைத் துப்பாக்கி. ஆங்கிலத்தில் 'ஷாட்கன்' எனப்படும் இதில் பெருவழக்காயிருப்பது இரண்டு குழல்கள் பக்கத்திற் பக்கமாய் இணைந்த இரட்டைக் குழல் துப்பாக்கியே. இவற்றுள் '12 போர்' என்பது மிகவும் பரவிய அளவு. குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு ராத்தல் எடையாகும் என்பதே அந்த எண்ணின் பொருள். அத்துளையின் விட்டம் சுமார் 18½ மில்லிமீட்டர்.

போட்டியின் விதிப்படி இத்துப்பாக்கியில், வெடித்த தோட்டாக் கூடுகளைத் தானே வெளியே எறியும் பொறி இருத்தலாகாது. துப்பாக்கி முதலில் வெறுமையாகவும் திறந்தபடியும் வைக்கப்பட்டிருக்கும். வீரர் அதை எடுத்து, இடுப்புக் கச்சையிலிருந்து இரண்டு தோட்டாக்களைப் பறித்து உள்ளே இட்டு, மூடிச் சுடுகிறார். பின்னர் அதனை மடக்கித் திறந்து, ஒரு வெட்டு வெட்டிக் கூடுகளை உதறிவிட்டு, அடுத்த இரண்டை இடுகிறார். இவை யாவும் சில விநாடிகளுக்குள் நிகழ்கின்றன. துப்பாக்கியைத் திறக்கவும் உதறவும் மூடவும் இடக்கையே குழலைத் தாங்கிப் பிடிக்கிறது. குழலுக்கு அடியிலுள்ள மரத்தாலான முன்கட்டையோ பெரும்பாலும் மெல்லியது, குறுகியது. எனவே விரல்கள் மரத்தைத் தாண்டி எஃகின் மீதே படிகின்றன.

அந்த எஃகு எவ்வாறு சூடேறுகிறது? வெடிமருந்து எரியும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் ரவைகளை உந்துவதற்குப் பயன்படுவதில்லை. ஒரு பகுதி சூடான வாயுவோடு வெளியேறுகிறது. மற்றொரு பகுதி குழலின் சுவரில் ஏறிவிடுகிறது. ஒரு கிலோ நீரைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே ஒரு கிலோ எஃகுக்குப் போதும். ஆதலால் சூடு விரைவில் ஏறுகிறது. போதாக்குறைக்குக் குழல் கருநிறமானது, வெயிலையும் வாங்கிக்கொள்கிறது. 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஏறத்தாழ 5 விநாடிகள் இருந்தாலே தோல் வெந்துவிடும் என்று மருத்துவர் கூறுவர். அவ்வளவு வெப்பமேறிய எஃகை இறுகப் பிடிப்பதும் எளிதன்று.

கருமருந்தை விரும்புவோருக்கு இத்தொல்லை இன்னும் மிகுதி. பழமையை முழுதும் பேண விரும்பும் சிலர், இக்காலத்துப் புகையில்லா மருந்தை விடுத்து, வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்தையே தோட்டாக்களில் இடுகின்றனர். அவர்களுக்கென்று தனிப் பிரிவுகளும் போட்டியில் உண்டு. 12 போர் தோட்டா ஒன்றுக்கு 3 டிராம், அதாவது சுமார் 5.3 கிராம் கருமருந்து என்பது பழைய வழக்கம். அதே வேலைக்குப் புகையில்லா மருந்து ஒன்றேகால் கிராம் அளவே போதும். மருந்து நான்கு மடங்கு எரியும்போது குழலும் அதற்கேற்பக் கொதிப்பதில் வியப்பில்லை. மேலும் கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேற்பட்டது திடப்பொருளாகவே எஞ்சும். அது புகையாகவும் கசடாகவும் படியும். இக்கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. இதனால் விளையும் கேட்டைப் பின்னர்க் காண்போம்.

சூடு பொறுக்கவில்லையென்றால் கையை எடுத்துவிடலாமே என்று தோன்றலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கை சுடும்போது விரல்கள் நம் அனுமதியைக் கேட்பதில்லை; தாமாகவே விலகிவிடுகின்றன. அப்போது கையிலிருப்பது தோட்டா ஏற்றிய துப்பாக்கியாயிருந்தால் என்ன ஆகும்? குழலின் வாய் எப்போதும் இலக்குகள் இருக்கும் திசையிலேயே, இடமும் வலமுமாகச் சேர்த்து 170 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது இப்போட்டியின் கண்டிப்பான விதி. வெற்றுத் துப்பாக்கியைச் சுடும் வரிசையில் தவறவிட்டவர் அந்தச் சுற்றை இழக்கிறார். தோட்டா உள்ள துப்பாக்கியைத் தவறவிட்டவரோ போட்டியிலிருந்தே நீக்கப்படுகிறார். இவ்விதிகள் கடுமையானவை, ஆனால் பின்னால் நிற்போரின் உயிரை எண்ணிப் பார்த்தால் அவை மிகையானவை அல்ல. எனவே குழலைப் போர்த்தும் தோல் வெறும் அலங்காரம் அன்று. பிடியையும் கவனத்தையும் அது ஒருங்கே காக்கிறது.

கையுறை அணிந்துகொள்ளலாகாதா எனில், அணியலாம், சிலர் அணிகின்றனர். ஆனால் கச்சையிலிருந்து இரண்டு தோட்டாக்களைத் தடவி எடுத்துத் துளைகளில் நுழைக்கும் விரல்களுக்குத் தொட்டறியும் உணர்வு வேண்டும். கையுறை அவ்வுணர்வை மழுக்கிவிடுகிறது. ஆதலால் கைக்கு உடுத்துவதைக் காட்டிலும் குழலுக்கு உடுத்துவதே மேல் எனப் பலர் கண்டனர்.

தோல் இவ்வேலைக்கு ஏன் ஏற்றது? எஃகு வெப்பத்தைக் கடத்தும் வேகம் தோலினுடையதைவிடச் சில நூறு மடங்கு மிகுதி. தோலின் நார்கள் பின்னிப் பிணைந்து, இடையிடையே காற்றைச் சிறைபிடித்து வைத்திருக்கின்றன. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் தோல் நனைந்துவிட்டால் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும்; அப்போது சூடு விரைந்து கையை எட்டும். ஈரத்துணியால் சுடுபாத்திரத்தைப் பற்றியவர்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

உறை செய்யும் முறையும் எளியதே. சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள தோலை, குழல்களின் அடியிலும் இருபக்கங்களிலும் மேலும் சுற்றிவருமளவுக்கு வெட்டுவர். ஓரங்கள் ஒன்றையொன்று தொடாமல் சிறிது இடைவெளி விடுவர். நாளடைவில் தோல் நெகிழும்போது இழுத்துக் கட்டுவதற்கு அவ்விடைவெளி வேண்டும். ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, தோல் வாரினால் காலணிக்கு நாடா கோப்பதுபோல் அடிப்புறத்திற் கட்டுவர். மேற்புறத்தில் முடிச்சோ மேடோ இருத்தலாகாது. இரு குழல்களுக்கும் நடுவேயுள்ள நெடுவரையின் வழியாகவே கண் இலக்கை நோக்குகிறது. உறை நழுவாமலிருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். திறக்கும்போதும் உதறும்போதும் வழுக்கிச் செல்லும் உறை, உறையே இல்லாததைவிடத் தீங்கானது.

தாவரப் பொருள்களாற் பதனிட்ட தோலையே இதற்குப் பலர் தேர்ந்தெடுக்கின்றனர். அத்தகைய தோலை நீரில் நனைத்து, வேண்டிய வடிவத்தின்மீது அழுத்தி உலரவிட்டால் அவ்வடிவத்தையே நிலையாக ஏற்றுக்கொள்ளும். குதிரைச் சேணத்துக்குப் பயன்படுவதும் இவ்வினத் தோல்தான். சேணத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கான்பூரில் வாழும் நேயர்கள் அதனைக் கடைகளிற் பார்த்திருக்கக்கூடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் பழைய முறை நம் தமிழகத்துக்கும் உரியது. குரோமிய உப்பினாற் பதனிடும் முறை பின்னர் வந்தது. சென்னையை அடுத்த குரோம்பேட்டை அத்தொழிலாலேயே அப்பெயர் பெற்றது. குரோமியத் தோல் மென்மையாய் வளையும். ஆனால் நனைத்து வடிவம் கொடுப்பதற்குத் தாவரத் தோலைப்போல் இணங்காது.

இனி, உறையினால் நேரும் கேட்டையும் சொல்லிவிட வேண்டும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். வியர்வையும் மழைத்துளியும் அதனுள் தங்கும். அந்த ஈரம் எஃகோடு ஒட்டிக் கிடந்தால் துரு பிடிக்கும். பதனிட்ட உப்புகளும் புளிப்புப் பொருள்களும் துருவை விரைவுபடுத்தும். அதனுடன் கருமருந்தின் கசடும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. மேலே அழகாகத் தோன்றும் தோலுக்கு அடியில் விலையுயர்ந்த குழல் புள்ளி புள்ளியாய் அரிக்கப்படும். ஆகவே போட்டி முடிந்தவுடன் உறையை அவிழ்த்து, குழலைத் துடைத்து எண்ணெயிட்டு, இரண்டையும் தனித்தனியே வைப்பதே முறை. நனைந்த உறையை நெருப்பருகே உலர்த்தலாகாது. ஈரத்தோல் மிகுந்த சூட்டிற் சுருங்கி விறைத்துவிடும். நிழலில் உலர்வதே நல்லது.

இவ்வெண்ணம் கௌபாய்ப் போட்டியுடன் பிறந்ததன்று. இங்கிலாந்தில் பறவைகளை விரட்டிச் சுடும் வேட்டைகளில் ஒருவர் தொடர்ந்து பல தோட்டாக்களைச் சுடுவதுண்டு. இரண்டு துப்பாக்கிகளை மாற்றி மாற்றி ஏற்றிக் கொடுக்க ஓர் உதவியாளும் உடனிருப்பார். அங்கே வளைந்த எஃகுத் தகட்டின்மேல் தோல் போர்த்திய கைக்காப்பைக் குழலின்மேற் செருகிக்கொள்ளும் வழக்கம் உண்டு. போர்க்களம் வேறொரு வழியைக் கண்டது. முதல் உலகப்போரில் 1917-இல் அமெரிக்கப் படையினருக்காக அமைக்கப்பட்ட 'வின்செஸ்டர் 1897' பதுங்குகுழித் துப்பாக்கியின் குழல்மேல் துளைகளிட்ட எஃகுக் கவசம் ஒன்றைப் பொருத்தினார்கள். அது குழலை விட்டுச் சற்று விலகி நிற்பதால் இடையே காற்று புகுந்து வெளியேறும். தோலோ குழலைத் தழுவி நின்று சூட்டைத் தாமதப்படுத்துகிறது.

தாமதப்படுத்துகிறது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். குழலைத் தோல் குளிரச் செய்வதில்லை. மூடிய பகுதியில் காற்றுப் படாததனால் அவ்விடம் சற்று மெதுவாகவே ஆறும். இடைவிடாது சுட்டுக்கொண்டேயிருந்தால் ஒரு நேரத்தில் தோலும் சுடத்தான் செய்யும். ஆனால் இப்போட்டியில் ஒரு சுற்று சிறிது நேரமே நீடிக்கிறது. பிறகு மற்றவர்களின் முறை வருமளவும் துப்பாக்கி ஓய்ந்திருக்கிறது. அவ்வோய்வை நம்பியே இவ்வுறை பயன்படுகிறது. அதனை உணர்ந்து, முறை வரும்போது கட்டிறுக்கத்தைச் சோதித்து, முடிந்ததும் அவிழ்த்து ஆறவிடுபவருக்கு அது நல்ல துணை. கட்டிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று மறந்துவிடுபவருக்கோ, கை சுடாமற் போகலாம். குழல் துருப்பிடிப்பதை அது தடுக்காது.