தலை போனால் என்ன, ஒரு வாரத்தில் முளைக்கும்!

‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது’ என்ற பலகையைத் தாண்டி வந்துவிட்டேன். நீங்களும் சத்தமில்லாமல் என் பின்னாலேயே வாருங்கள்! கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வறை இது. முகத்தில் வந்து மோதுகிறதே, அது பச்சை ஈரல் வாடை. மேசை, ஜன்னல் திட்டு, பீரோ உச்சி எங்கும் டப்பாக்கள். பிரியாணி பார்சல் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, ஊறுகாய் ஜாடி. எல்லாவற்றிலும் தண்ணீர், எல்லாத் தண்ணீரிலும் புழு!

பிளனேரியா என்கிற நன்னீர்த் தட்டைப்புழு. விரல்நகத்தின் நீளம்தான். முக்கோணத் தலையில் இரண்டு மாறுகண்கள். மூடியைத் திறந்து வெளிச்சம் பட்டதும், தோசைக்கல்லில் எண்ணெய் வழுக்குவதுபோல அத்தனையும் இருட்டு மூலைக்கு நகர்கின்றன. அந்த நடையை நாள் முழுக்கப் பார்க்கலாம்.

இவற்றை வளர்ப்பது வடக்கனந்தல் பெண், முதுகலை மாணவி. கல்வராயன் மலையிலிருந்து கோமுகி அணைக்கு இறங்கும் ஓடை ஒன்றில், வலைத்துணியில் ஈரலைக் கட்டி ராத்திரி கல்லுக்கடியில் வைத்து, விடிந்ததும் போய் எடுத்து வந்திருக்கிறார். “கறிக்கடை பாய் என்னைக் கண்டாலே, ‘ஈரல் வீட்டுக்கா, புழுவுக்கா’ன்னு கேப்பாருக்கா!”

இதோ, சாப்பாட்டு நேரம். புழுவுக்கு வாய் வயிற்றின் நடுவில். அங்கிருந்து ஒரு வெள்ளைக் குழாயை நீட்டி ஈரலை உறிஞ்சுகிறது. கழிவும் அதே வழியாகத்தான் வெளியேறும்! அதனால் விருந்து முடிந்ததும் டப்பா டப்பாவாகத் தண்ணீர் மாற்ற வேண்டும். குளோரின் ஆகாது என்பதால், முன்கூட்டியே திறந்துவைத்த குடங்களைத் தூக்கித் தூக்கி ஊற்றுகிறார். புழுவை எடுக்க ஓவியம் வரையும் தூரிகை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொள்கிறார். வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் ஆய்வக உதவியாளர் அண்ணன், “இதுக்கு மாடு மேய்ச்சிருக்கலாம்மா” என்கிறார். சொல்லிக்கொண்டே அடுத்த குடத்தை அவரே தூக்கி வருகிறார்.

அடுத்த மேசையில்தான் அதிசயம். ஒரு வாரம் பட்டினி போட்ட புழுக்கள். தட்டில் பனிக்கட்டி, அதன்மேல் ஈர வடிதாள், அதன்மேல் புழு. குளிரில் ஆட்டம் அடங்கியதும் பிளேடு இறங்குகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் “சாரிடா செல்லம்” என்கிறார் மாணவி! தலை ஒரு டப்பாவுக்கு, வால் இன்னொன்றுக்கு. இரண்டும் சாகாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் வால் துண்டில் புதுத் தலை, கண், மூளை எல்லாம் வந்துவிடும். 279-இல் ஒரு பங்குத் துண்டுகூட முழுப் புழுவாகும் என்று 1898-இலேயே கண்டவர் அமெரிக்கர் டி.எச். மார்கன். உடம்பெங்கும் பரவியிருக்கும் மூலச்செல்கள் செய்யும் வேலை இது. பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தில் தசரதி பாலகோடெட்டி குழு இதைத்தான் துருவி ஆராய்கிறது. பல நாட்டு ஆய்வறைகளில் வளரும் ஒரு புழு வம்சம், பார்சிலோனாவின் பழைய நீரூற்றில் பிடித்த புழுக்களின் வாரிசு. நம் ஓடைப் புழுவுக்கு எவ்வளவு தூரத்துச் சொந்தம் பாருங்கள்!

மூலையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாக்களைத் தொட்டுவிடாதீர்கள். அவற்றில் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, துளியிலும் துளி. அமெரிக்காவில் ஈவா மரியா காலின்ஸ் குழு இப்படித்தான் நரம்பு நஞ்சுகளைச் சோதிக்கிறது. முழுப் புழுவையும் தலை வெட்டிய புழுவையும் ஒரே நஞ்சில் விட்டால், வளர்ந்த மூளை படும் பாடும் வளரும் மூளை படும் பாடும் அருகருகே தெரிந்துவிடும். எலி, முயல் எதுவும் வேண்டாம். எனக்கு இந்த ஆய்வறையிலேயே பிடித்த இடம் இந்த மூலைதான். இங்கே ஒரு டப்பாவில் புழு திருகாணியாய் முறுக்கிக் கிடக்கிறது, இன்னொன்றில் தலையை ஆட்டி ஆட்டித் தடுமாறுகிறது. மாணவி சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதுகிறார்.

கைபேசி அலறுகிறது. அப்பா, கரும்புக் கொல்லையிலிருந்து. சோதனைக்கு மருந்து பாட்டில் கொடுத்தவரே அவர்தான். “புழு என்னம்மா ஆச்சு?”

“ரொம்பக் கம்மியா விட்டதுலயே முறுக்கிக்கிச்சுப்பா. நீங்க டேங்குக்கு எத்தனை மூடி ஊத்துறீங்க?”

“கண்ணளவுதான்... ரெண்டு, மூணு.”

“மூடிக்கு எத்தனை மில்லின்னு அளந்து சொல்லுங்கப்பா. லைன்லயே இருக்கேன்.”