முழங்காலில் ஊசி: யாருக்கு, எத்தனை நாளைக்கு?

ஜவ்வு கிழிந்து, சிறுதுளை அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர் சில ஆண்டுகள் கழித்து அதே காலைப் பிடித்துக்கொண்டு வருவது எலும்பு மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. ‘அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் ஏன் வலி?’ என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கிழிந்த ஜவ்வை வெட்டி எடுத்தால், எலும்புகளுக்கு நடுவே பாரம் தாங்கிய மெத்தையின் ஒரு பகுதி போய்விடுகிறது. அதன்பின் குருத்தெலும்பு விரைவாகத் தேய்கிறது. பிரிட்டன் மருத்துவர் ஃபேர்பேங்க் இதை 1948-லேயே எக்ஸ்ரே படங்களைக் கொண்டு எடுத்துக்காட்டினார். மாத்திரைக்கு வலி அடங்காதபோது பேச்சு ஊசிக்கு வருகிறது.

இதற்குப் போடப்படும் மூன்று ஊசிகளில் மூத்தது ஸ்டீராய்டு. மூட்டு வீங்கி, சூடாக இருக்கும் நாட்களில் நன்றாகவே கேட்கும். ஆனால், அந்தச் சுகம் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான். வலி திரும்பியதும் மறுபடி போட்டுக்கொள்ளத் தோன்றும், சிக்கலும் அங்கேதான். பாஸ்டனில் மூட்டுத் தேய்மானம் உள்ள 140 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டும், மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வலியில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. 2017-இல் வெளியான முடிவு இது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பலருக்கு யாரும் சொல்வதில்லை.

அடுத்தது ‘ஜெல் ஊசி’. ஹயலூரானிக் அமிலம் மூட்டுத் திரவத்தில் இயல்பாகவே உள்ள பொருள். சில ஊசிகளுக்கு அதைச் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கிறார்கள். விலைக்கேற்ற பலன் இல்லை என்பதே என் கணிப்பு. பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2022-ஆம் ஆண்டு ஆய்வில், உப்புநீரைவிட நோயாளி உணரும் அளவுக்குப் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் இதைத் தரவே வேண்டாம் என்கிறது.

நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்களைப் பிரித்துச் செலுத்தும் பி.ஆர்.பி.க்கு இப்போது விளம்பரம் அதிகம். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த சோதனையில், ஓராண்டு கழித்து உப்புநீர்க் குழுவுக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு குழுவினருக்குமே வலி குறைந்திருந்தது! ‘எனக்குக் கேட்டதே’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொய்யல்ல. ஆனால், அது மருந்துக்குச் சான்றும் அல்ல.

தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்கும் ஊசி என்று இன்றுவரை நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. தொடைத் தசைக்கு வலுவூட்டும் பிசியோதெரபி பகட்டில்லாதது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடந்த ஒப்பீட்டில், ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு ஊசியைவிட அதுவே முந்தியது. வீக்கத்தால் பயிற்சியே செய்ய முடியாதவருக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி கைகொடுக்கலாம். பயிற்சியைத் தொடங்குவதற்கான அவகாசம் அது.

செயற்கை மூட்டு பொருத்தியவர்களின் கதை வேறு. அங்கே ஊசி வழியாகக் கிருமி புகுந்தால் மூட்டையே கழற்ற நேரலாம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் போட்ட ஸ்டீராய்டு ஊசியும் தொற்று அபாயத்தைக் கூட்டும். மூட்டு மாற்று சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன், கடைசியாக ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.