உவரி மணலில் ஒளி தேடும் இரும்பு

உவரிக் கடற்கரையில் அலை வடிந்த இடத்தில் மணல் வரிவரியாகக் கிடக்கும். வெளிர் மணலுக்கு நடுவே ஒரு சிவப்புப் பட்டை, அதையொட்டி ஒரு கறுப்புப் பட்டை. சிவப்பு, கார்னெட். கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட். இவற்றோடு கொஞ்சமாக ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் கலந்திருக்கிறது. அது பைராக்சீன் குடும்பத்தைச் சேர்ந்தது. மூன்றிலுமே இரும்பு உண்டு. கறுப்புத் துகள்களில் எது இல்மனைட், எது ஹைப்பர்ஸ்தீன் என்று வெறும் கண்ணால் பிரிப்பது கடினம். அகச்சிவப்பு ஒளியில் அவை தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

ஹைப்பர்ஸ்தீனின் தாய்வீடு சார்னக்கைட் பாறை. பல்லாவரத்துக் கல்லை ஆராய்ந்து 1893இல் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரைச் சூட்டினார். மாமல்லபுரத்துச் சிற்பங்கள் செதுக்கப்பட்டதும் இந்தக் கல்லில்தான். நம் தென்கோடி மலைகளிலும் அது நிறைய இருக்கிறது. திருக்குறுங்குடி மலையில் பிறந்து ஆத்தங்கரை பள்ளிவாசல் அருகே கடலில் சேரும் நம்பியாறு போன்ற சிற்றாறுகள் அரித்துக் கொண்டுவந்ததைக் கடல் சலித்துக் கரையில் போடுகிறது. சார்னக்கைட் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒருதிசை அதிர்வுள்ள ஒளியில் நுண்ணோக்கியின் தட்டைச் சுழற்றிப் பாருங்கள். ஹைப்பர்ஸ்தீன் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர் பச்சைக்கு மாறும். அத்தனை அழகு!

நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டரோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால்தான் விஷயமே இருக்கிறது. ஹைப்பர்ஸ்தீன் படிகத்தில் இரும்பு அமர இரண்டு வகை இடங்கள் உண்டு. இரண்டிலும் சுற்றிலும் ஆறு ஆக்சிஜன்கள். ஆனால் ஒன்று சீரானது, மற்றது கோணலானது. இரும்பு விரும்பிப் போவது கோணலான இடத்துக்கு. அங்கே அதன் எலக்ட்ரான்கள் 900 நானோமீட்டரை ஒட்டியும், 1,800 முதல் 1,900 வரையிலும் உள்ள ஒளியை விழுங்குகின்றன. திரும்பி வரும் ஒளியை வரைபடமாக்கினால் இரண்டு பள்ளங்கள் விழும். இரும்பு கூடக்கூட அவை நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகரும். கால்சியம் மிகுந்த பைராக்சீனில் 1,050, 2,300 வரைக்கும் போகும். கார்னெட்டில் இரும்பைச் சூழ்வது எட்டு ஆக்சிஜன். அதன் பள்ளங்கள் 1,300, 1,700, 2,300 அருகே. இல்மனைட்டோ பெரும்பாலான ஒளியை விழுங்கிவிடுவதால் அதன் கோடு தாழ்ந்தே ஓடும்.

உவரிக்கு உள்ளே போனால் தேரிக்காடு. அந்தச் செம்மணலில் துகள்களின் மேல் ஹேமடைட் பூசியிருக்கிறது. அதற்கும் 860 நானோமீட்டர் அருகே ஒரு பள்ளம் உண்டு. அவசரக்காரர் அதைப் பைராக்சீன் என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே முதல் பள்ளத்தை மட்டும் நம்பக் கூடாது. 1,900 அருகே இரண்டாவதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பெயர் சொல்ல வேண்டும் என்பேன்.

இதே பள்ளங்கள்தான் விண்ணையும் படிக்க உதவுகின்றன. 1970இல் தாமஸ் மெக்கார்டும் சகாக்களும் வெஸ்டா என்ற சிறுகோளின் ஒளியில் 920 நானோமீட்டர் அருகே பள்ளத்தைக் கண்டு, எரிமலைப் பாறை போன்ற ஒருவகை விண்கற்களோடு பொருத்திக் காட்டினார்கள். 2011இல் அங்கே போய்ச் சேர்ந்த டான் விண்கலம் அதை உறுதிசெய்தது. 2008 அக்டோபர் 22 அன்று கிளம்பிய சந்திரயான்-1இல் இருந்த நாசாவின் எம்3 கருவி நிலவெங்கும் பைராக்சீனை வரைபடமாக்கியது.

தாது மணல் எடுக்க 2013இல் தமிழக அரசு தடை விதித்தது. அந்தத் தடையைக் கண்காணிக்க, எந்தக் கரையில் என்ன கனிமம் எவ்வளவு என்பதை நிலவில் செய்ததுபோல் வானிலிருந்து கணக்கிட வேண்டுமானால், தரையில் அளந்த நிறமாலைப் பதிவுகள் கையில் இருக்க வேண்டும். நெல்லை, தூத்துக்குடி கல்லூரிகளில் நிலவியல் படிக்கும் மாணவர்களே, உவரி, நவலடி, பெரியதாழை என்று ஊர் ஊராக மணலைச் சலித்து, துகளின் அளவையும் குறித்து, நிறமாலைப் பதிவு எடுத்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.