சங்கிலியை அறுத்த சட்டம்

நுழையும்முன்

நோயைத் தணிப்பது மருத்துவம். உரிமையைக் காப்பது சட்டம். மனநலத் துறையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்குகின்றன. சட்டம் பயின்ற ஒருவர் மனநலக் கொள்கை வகுப்பில் ஆற்றக்கூடிய பணியை இப்பாடம் விளக்குகிறது.

பெரணமல்லூர், ஆரணி வட்டாரத்தில் பட்டு நெய்யும் குடும்பத்து மாணவர்கள் அறிந்த உண்மை ஒன்றுண்டு. பாவு எத்துணை உறுதியாக இருப்பினும், ஊடை குறுக்கே ஓடினால்தான் அது சேலையாகும். மனநலப் பாதுகாப்பில் மருத்துவம் பாவு எனில், சட்டம் ஊடை. ஊடை அறுந்தால் நேர்வது என்ன என்பதை ஏர்வாடி உணர்த்தியது.

ஏர்வாடித் துயரம்

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. எனினும், ஏட்டிலிருந்த சட்டம் அம்மக்களைக் காக்கவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை வழக்காக ஏற்றது.

சட்ட அறிஞரின் பயணம்

முந்தைய சட்டங்கள், மனநலம் பாதிக்கப்பட்டவரை எங்ஙனம் மருத்துவமனையில் சேர்ப்பது, அவர்தம் சொத்தை யார் மேலாள்வது என்பவற்றையே பெரிதும் பேசின. ‘அவருடைய விருப்பம் என்ன?’ என்ற வினா பின்தள்ளப்பட்டது. அவ்வினாவை முன்வைத்தோருள் ஒருவர் சட்டப் பேராசிரியர் அமிதா தண்டா. ஐதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர், இந்தியச் சட்டங்களும் நீதிமன்றங்களும் மனநோயை அணுகிய முறையை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பின்னர், மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை உருவாக்கிய கலந்துரையாடல்களில் பங்கேற்றார். மாற்றுத்திறனாளரும் பிறரைப் போலவே சட்டத்தின்முன் முழு ஆளுமை உடையவர் என்பதே அவர் வலியுறுத்திய கருத்து. அவ்வுடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது. 2007இல் இந்தியா அதனை உறுதி செய்தது.

புதிய சட்டம்

உடன்படிக்கைக்கு இசைய இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் மனநல மருத்துவம் பெறுவதை உரிமையாக்கியது. சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது. தமக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதை ஒருவர் நலமாக இருக்கும்போதே எழுதி வைக்கவும், தம் சார்பாளரை நியமிக்கவும் வழி செய்தது. இலவச சட்ட உதவியையும் உறுதி செய்தது. எனினும், ஒருவரது விருப்பத்திற்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்க இச்சட்டமும் சில சூழல்களில் இடமளிக்கிறது என்னும் விமர்சனம் உண்டு. ஆகவே, பணி இன்னும் முடியவில்லை.

நம் கடமை

மாணவர்களே! மேனிலைக் கல்விக்குப்பின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்வோருக்கு நீதிமன்றம் மட்டுமே களமன்று. விதிகளை வரைதல், காப்பகங்களை ஆய்தல், வறியோர்க்குச் சட்ட உதவி அளித்தல் ஆகியனவும் அவர்க்குரிய பணிகளே. சட்டம் படிக்காதவர்க்கும் ஒரு கடமை உண்டு: மனம் நொந்தவரை இகழாதிருத்தல். நமக்கோ நம்மைச் சார்ந்தோர்க்கோ மனத்துயர் நேரின், 14416 என்னும் ‘டெலி மானஸ்’ கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உதவி கேட்பது இழுக்கன்று. அது நம் உரிமை.