வலைக்கு இப்புறம் இருவர்

டெனிஸ் ஆடுகளத்தின் இரு ஓரங்களிலும் நாலரை அடி அகலத்தில் நீண்டு கிடக்கும் கீற்றுகளை வாசகர்கள் கண்டிருப்பர். ஒற்றையர் ஆட்டத்தில் அவை தரிசு நிலம். அங்கு விழும் பந்தாற் பயனில்லை. இருவர் இருவராய் நின்று ஆடத் தொடங்கியதும் அத்தரிசு விளைநிலமாகி விடுகின்றது. 27 அடி அகலக் களம் 36 அடியாக விரிகின்றது. கூடியது ஒன்பதே அடி. அதற்காக ஓராளைக் கூட்டுவானேன் என்று கணக்கறிந்தார் கேட்கக் கூடும். நிலத்தின் அளவை மாத்திரம் நோக்குபவர் இரட்டையர் ஆட்டத்தை ஒருகாலும் சுவைக்க மாட்டார்.

ஒற்றையர் ஆட்டத்தில் எதிரியின் மனத்தைப் படித்தாற் போதும். இரட்டையரிலோ, முதுகுக்குப் பின்னே நிற்பவரின் மனத்தையும் பாராமலே படித்தாக வேண்டும். துணைவர் பின்னின்று முதலடியைப் போடும்போது வலையருகே நிற்பவர் திரும்பிப் பார்ப்பதில்லை. முதற்கண்ணே தம் முதுகின் மேற் கைவிரலாற் சைகை காட்டி விடுவார். எதிர்த்தரப்பார் திருப்பியடிக்கும் பந்தைக் குறுக்கே பாய்ந்து மறிப்பதா, நின்றவிடத்திலேயே நிற்பதா என்பது அச்சைகையில் அடங்கும். அவர் பாய்ந்தால், விட்டுச் சென்ற இடத்தைப் பின்னிற்பவர் ஓடி நிரப்ப வேண்டும். இருவருக்கும் நடுவே வரும் பந்து யாருடையது? இந்த ஒரு வினாவுக்கு விடை காணாது முறிந்து போன இணைகள் பலவாம். தமிழிலே ‘துணை’ என்ற சொல்லுக்கு உதவி என்றும் பொருள், இணை என்றும் பொருள். ‘இத்துணை’, ‘அத்துணை’ என்னுமிடத்து அளவு என்றும் பொருள். நல்ல இரட்டையர் ஆட்டமொன்றைப் பார்க்கும்போது இம்மூன்று பொருளும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன.

ஆயினும், உலகம் இவ்வாட்டத்தை இரண்டாம் பந்தியிலேதான் இருத்தியிருக்கின்றது. ஒற்றையர் சம்பியனின் படம் பத்திரிகையின் பாதிப் பக்கத்தை நிறைக்கும். இரட்டையர் பெயர்கள் அதன் அடியிலே சிற்றெழுத்தில் வரும். பரிசுப் பணத்திலும் அதே வேற்றுமைதான். அந்தச் சிற்றெழுத்து வரிகளிற் பல ஆண்டுகள் ஓயாது இடம்பெற்ற ஒரு பெயரைப் பற்றியே இங்கு எழுத எண்ணினேன். யப்பானிய வீராங்கனை அயி சுகியாமாவின் பெயர் அது.

அவர் யொக்கோஹாமா நகரிலே 1975ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆந் திகதி பிறந்தார். யப்பானிய டெனிஸ் வரலாற்றில் அந்த யூலைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. கசுக்கோ சவமாட்சு என்ற யப்பானியப் பெண், அமெரிக்காவிற் பிறந்த யப்பானிய வம்சத்தவரான ஆன் கியோமுராவுடன் சேர்ந்து, விம்பிள்டன் மகளிர் இரட்டையர் பட்டத்தை வென்றது அம்மாதத்திலேதான். அவுஸ்திரேலியா, பிரான்சு, விம்பிள்டன், அமெரிக்கா என்னும் நாற்பெரும் போட்டிகளில் யப்பானியப் பெண்ணொருவர் பெற்ற முதற் பட்டம் அதுவே. அதுவும் இரட்டையர் பட்டம் என்பது கவனிக்கத்தக்கது.

‘அயி’ என்றால் யப்பானிய மொழியில் அன்பு. டெனிஸ் ஆட்டத்திற் சுழியத்தை ‘லவ்’ என்று சொல்லும் வழக்கத்தை மாணவர் அறிவர். அன்பு என்று பெயரிடப்பட்ட குழந்தை, நான்கு வயதில் மட்டையைக் கையிலெடுத்து, ‘லவ்’ என்ற எண்ணிக்கையிலிருந்து ஆடத் தொடங்கியது! இதனை வெறும் சொல் விளையாட்டென்று தள்ளினும் தள்ளுக. பதினைந்து வயதில் அவர் உலக இளையோர் தரவரிசையில் முதலிடம் பெற்றார். அவருக்கு முன் யப்பானியர் எவரும் அவ்விடத்தை எட்டியதில்லை. 1992ஆம் ஆண்டில், பதினேழு வயதில், தொழின்முறை ஆட்டக்காரியானார். உயரம் 163 சென்றிமீற்றர். ஆறடியை நெருங்கிய பெண்கள் வலிய அடிகளால் ஆட்டத்தை ஆளத் தொடங்கிய காலம் அது. இவ்வுயரத்துக்கு உரிய கருவிகள் விரைந்த கால்களும், பந்து எழுந்தவுடனே அடிக்கும் கண்ணும், வலையருகே தளராத கையுமே. ஒற்றையரில் இவை ஒருவரைக் காப்பாற்றும். இரட்டையரிலோ வெற்றியைத் தேடித் தரும்.

1999ஆம் ஆண்டு அமெரிக்கப் போட்டியில் அவர் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார். அதில் அவருக்குத் துணை நின்றவர் சென்னையிற் பிறந்த மகேஷ் பூபதி. இரண்டாண்டுகளுக்கு முன், 1997இல், பூபதி பாரிசிலே தம் முதற் பெரும் பட்டத்தைப் பெற்றபோது உடன் ஆடியவரும் ரிக்கா ஹிராக்கி என்ற யப்பானியப் பெண்ணே. இந்திய ஆடவர் ஒருவருக்கு நாற்பெரும் போட்டிகளில் முதற் பட்டம் யப்பானியத் துணையுடன் வாய்த்தது. நம் பத்திரிகைகளில் இச்செய்தி வெளிவந்தபோது அந்தத் துணையின் பெயரை எத்தனை பேர் நினைவிற் கொண்டனரோ!

இனி, 2000ஆம் ஆண்டுக்கு வருவோம். சுகியாமாவின் வாழ்க்கையில் இவ்வாண்டு விசித்திரமானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அஃது ஏறுமுகமான ஆண்டு. பிரான்சிய வீராங்கனை யூலி ஹலார்ட் டெகூஜிசுடன் இணைந்து விம்பிள்டன் இறுதியாட்டத்தை அடைந்தார். அங்கே வில்லியம்ஸ் சகோதரியரிடம் தோற்றனர். செப்டெம்பரில் நியூயோர்க் நகரில் சிம்பாப்வேயின் கேரா பிளாக், ருஷ்யாவின் எலேனா லிகோவ்ட்சேவா இணையை 6–0, 1–6, 6–1 என வென்று பட்டம் பெற்றனர். அக்டோபரில் உலக இரட்டையர் தரவரிசையில் சுகியாமா முதலிடத்துக்கு உயர்ந்தார். ஆசியப் பெண்ணொருவர் அவ்விடத்தை அடைந்தது அதுவே முதற்றடவை.

அதே ஆண்டிலேதான் அவர் டெனிசை விட்டுவிட எண்ணினார். ஒற்றையர் ஆட்டம் கைநழுவிப் போய்க் கொண்டிருந்தது. நேற்று வரை தானாக வந்த அடி இன்று எவ்வாறு வந்ததென்று விளங்கவில்லை. யோசிக்க யோசிக்க மேலுங் கெட்டது. எழுத்தாளரும் பாடகரும் இந்நோயை அறிவர். இருபத்தைந்து வயது மகள் தாயாரிடம் போய், இனி ஆட முடியாதென்றார். தாயார் புசாக்கோ அம்மையார் தடுக்கவில்லை, தேற்றவுமில்லை. செய்யக் கூடியதை எல்லாம் செய்து முடித்து விட்டாயா என்று மட்டும் வினவினார். மகளிடம் அதற்கு ஆமென்ற விடை இருக்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டுமென்பது உங்களுக்குத் தெரிகிறதா என்று மகள் திருப்பிக் கேட்டார், தெரிகிறதென்றார் தாயார். அவ்வாறே தாயார் பயிற்சியாளரானார். மகள் அடிப்படையிலிருந்து மீண்டும் கற்கத் தொடங்கினார்.

ஒரே கை, ஒரே மட்டை. தனியே நின்றபோது மறந்து போன ஆட்டம், பக்கத்தில் ஒருவர் நின்றபோது மறக்கவில்லை. இதற்கு விளையாட்டறிஞர் எக்காரணம் கூறுவரோ அறியேன். தனிமையில் ஒருவர் தம் பிழையையே உற்றுப் பார்க்கின்றார். துணையுள்ளபோது அதற்கு நேரமிருப்பதில்லை, பந்து வந்து கொண்டேயிருக்கும் என்பது என் ஊகம். உலக முதலிடம் பெற்றவர் என்று வாழ்த்தியவர்களுக்கு முகங்கொடுத்த வேளையில், அவர் மட்டை பிடிக்கும் பிள்ளைக்குரிய பாடங்களைப் படித்துக் கொண்டிருந்தார். ஹலார்ட் டெகூஜிசும் அவ்வாண்டுடன் ஓய்வு பெற்றார். துணையைப் புதிதாகத் தேட வேண்டியதாயிற்று.

தேடிக் கிடைத்தவர் பெல்ஜிய நாட்டு கிம் கிளைஸ்டர்ஸ். சுகியாமாவிலும் ஏறத்தாழ எட்டு வயது இளையவர். வன்மையான அடிகளுக்குப் பேர்போனவர். ஒற்றையரிற் சிகரத்தை நோக்கி ஏறிக் கொண்டிருந்தவர். 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்கொட்ஸ்டேல் நகரில் நடந்ததை நினைக்குந்தோறும் வியப்பு மேலிடுகின்றது. போட்டி பின்தள்ளப்பட்டு ஆட்டங்கள் கடைசி நாளிற் குவிந்து விட்டன. சுகியாமா ஒரே நாளில் நான்கு ஆட்டங்கள் ஆட நேர்ந்தது: ஒற்றையர் அரையிறுதி, இறுதி, இரட்டையர் அரையிறுதி, இறுதி. ஒற்றையர் அரையிறுதியில் அமெரிக்காவின் அலெக்சாந்திரா ஸ்டீவன்சனிடம் தோல்வியின் விளிம்பு வரை சென்று மீண்டார். ஒற்றையர் இறுதியில் எதிரே நின்றவர் கிளைஸ்டர்ஸ். முதற் செற்றை 3–6 என இழந்து, அடுத்த இரண்டையும் 7–5, 6–4 எனப் பெற்றுச் சுகியாமா வென்றார். ஐந்தாண்டுகளின் பின் அவர் பெற்ற ஒற்றையர் பட்டம் அது. அதே நாளில் அவ்விருவரும் வலைக்கு ஒரே பக்கத்தில் நின்று இரட்டையர் பட்டத்தையும் வென்றனர்.

தன்னைத் தோற்கடித்தவரின் முதுகுப்புறத்திலிருந்து முதலடி போடுவதற்கு எவ்வகை மனம் வேண்டும்? அக்கணத்திற் கிளைஸ்டர்ஸ் கட்டிய மனக்கோட்டை யாதென்று நாமறியோம். பின்வந்த மாதங்கள் மட்டும் தெரியும்.

அக்காலத்தில் மகளிர் இரட்டையரில் வல்லவர்கள் ஸ்பானியாவின் விர்ஹீனியா ருவானோ பஸ்குவால், ஆர்ஜென்டீனாவின் பவுலா சுவாரெஸ் ஆகிய இருவர். 2001, 2002, 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் பாரிஸ் பட்டம் அவர்களுடையது. இடையே 2003 மட்டும் விடுபட்டிருப்பதை நோக்குக. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் அவர்கள் எதிரே நின்றோர் சுகியாமாவும் கிளைஸ்டர்சும். அதே போட்டியின் ஒற்றையர் இறுதியிற் கிளைஸ்டர்ஸ் தம் நாட்டவரான யுஸ்தீன் ஹெனினிடம் எளிதிற் தோற்றிருந்தார். அந்தத் தோல்வியைச் சுமந்து வந்தவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு ஆட வேண்டிய முறை இப்போது சுகியாமாவுடையது. முதற் செற் எதிரிகளுக்கு. இரண்டாவது இவர்களுக்கு, 6–2. மூன்றாவது செற் பாரிஸ் விதிப்படி முடிவின்றி நீண்டு 9–7 என இவர்கள் பக்கம் சாய்ந்தது. நான்கு வாரங்களில் விம்பிள்டனில் அதே எதிரிகளை 6–4, 6–4 என மீண்டும் வென்றனர். சவமாட்சுவின் வெற்றிக்கு 28 ஆண்டுகளின் பின் அதே பட்டத்தில் யப்பானியப் பெயரொன்று பொறிக்கப்பட்டது.

ஒற்றையரும் தழைத்தது. 2004ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் உலகில் எட்டாமிடத்துக்கு உயர்ந்தார். விட்டுவிட எண்ணிய ஆட்டத்தில், இருபத்தெட்டாம் வயதில்! அவ்வாண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஷினோபு அசாகோயெவுடன் ஆடி நான்காமிடத்தில் நின்றார், பதக்கம் கைக்கெட்டவில்லை.

கிளைஸ்டர்சுக்குப் பின் துணைகள் பலர்: தென்னாபிரிக்காவிற் பிறந்த லீசல் ஹூபர், சுலோவேனியாவின் கத்தரீனா சிரெபோட்னிக், சுலோவாக்கியாவின் டானியேலா ஹன்டுச்சோவா. ஒவ்வொருவருடனும் பெரும் போட்டி இறுதியை எட்டினார். ஒருவருடனும் அங்கு வெல்லவில்லை. முழு வாழ்க்கையில் 38 இரட்டையர் பட்டங்களும் ஆறு ஒற்றையர் பட்டங்களும் அவர் பெற்றவை. என்னைக் கேட்டால், 62 என்ற எண்ணே அவற்றினும் பெரிது. 1994ஆம் ஆண்டு விம்பிள்டன் தொடங்கி 2009ஆம் ஆண்டு அமெரிக்கப் போட்டி முடிய, நாற்பெரும் போட்டிகளின் ஒற்றையர் பிரதான சுற்றில் ஒன்றைத்தானும் தவறவிடாது தொடர்ச்சியாக 62 தடவை ஆடினார். அந்நாளில் ஆண்களிலும் பெண்களிலும் இதற்கு நிகரில்லை. பெண்களில் இதனை விஞ்ச 2022இல் பிரான்சின் அலிசே கோர்னே வர வேண்டியிருந்தது. முடங்கிக் கிடந்த 2000ஆம் ஆண்டும் இக்கணக்கினுள் அடக்கம் என்பதை மறத்தலாகாது.

அந்த அறுபத்திரண்டாவது போட்டியில் அவர் முதற் சுற்றிலேயே தோற்றார். அதே போட்டியில், ஓய்வு பெற்றுத் தாயாகி மீண்டும் வந்த கிளைஸ்டர்ஸ் ஒற்றையர் பட்டத்தை வென்றார். சில வாரங்களின் பின் சுகியாமா தோக்கியோ நகரில், தம் நாட்டவர் முன்னிலையிற் கடைசியாக ஆடினார். ஒற்றையர் ஆட்டத்தை உடல்நலக் குறைவால் இடையில் நிறுத்த நேர்ந்தது. இரட்டையரில் ஹன்டுச்சோவாவுடன் இறுதியாட்டம் வரை சென்று, அங்கே தோற்று, மட்டையை வைத்தார்.

2023ஆம் ஆண்டு முதல் பில்லி ஜீன் கிங் கிண்ணத்துக்கான யப்பானிய மகளிர் அணியின் தலைவியாகப் பொறுப்பேற்றார். நாடுகள் மோதும் அப்போட்டியில் ஒற்றையர் ஆட்டங்கள் சமமாய் முடிந்தால், வெற்றி தோல்வியை முடிவு செய்வது கடைசி இரட்டையர் ஆட்டமே. எந்த இருவரைச் சேர்த்துக் களத்துக்கு அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் இருக்கையில் சுகியாமா அமர்ந்தார்.